கடைசி மடிப்பு

ஆம்பூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் கிரேஸி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஜட்காக்காரன் அதைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்காதே என்று சொல்லக்கூட வாயைத் திறக்க முடியவில்லை. திறந்தால் அந்த நாற்றம் உள்ளே இறங்கிவிடும். சுண்ணாம்புக் குழியில் ஊறும் பச்சைத் தோல், சுரண்டிக் கொட்டிய மயிர், ஆவாரம்பட்டைச் சாறு எல்லாம் மழை ஈரத்தில் ஒன்றாகக் கலந்து, நனைந்த கம்பளிபோல ஊர்மேல் கிடந்தது.

முப்பத்தொன்றாம் வருஷம், ஐப்பசி மாதம். கிரேஸிக்குக் கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

வேலூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரம்மாவாக இருந்தவள் அவள். மொழிபெயர்ப்பு நாவல் எது கையில் கிடைத்தாலும், முன்னால் நாலு பக்கம் பின்னால் நாலு பக்கம் கிழிந்திருந்தாலும், சோற்றை மறந்து படிப்பாள். பனியை அவள் கண்டதில்லை. ஆனால் பனியில் நடந்து பூட்ஸ் நனைந்தவர்கள் பலரை அவளுக்குத் தெரியும். பெண்டாட்டியை இழந்தவர், ஒரு பெண் குழந்தை வேறு இருக்கிறது என்று ஜார்ஜைப் பற்றிச் சொன்னபோது வீட்டில் எல்லோரும் தயங்கினார்கள். கிரேஸி தயங்கவில்லை. சம்பந்தம் பேச வந்த அம்மாள் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம்: "வீடு பூரா புஸ்தகம்மா. சீமையிலேர்ந்து கப்பல்ல வருது."

அத்தனை புத்தகம் வைத்திருப்பவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்று அவள் எத்தனையோ கற்பனை செய்திருந்தாள்.

வீடு பாலாற்றுக் கரையோரம் இருந்தது. பின்சுவரை ஒட்டி ஜியாவுல்லா சாயபுவின் தோல் ஷாப்பு. தோல் பதனிடும் கொட்டகையை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வாசலில் வேலைக்காரி செண்பகம் பெட்டியை இறக்கிக்கொண்டே புது எஜமானியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூக்கப் புட்ச்சினு எத்தினி நாளு இருப்பே? ஆம்பூருக்கு வாக்கப்பட்றவ மூக்க அப்பன் ஊட்லயே கழட்டி வெச்சிட்டு வரணும்மா."

"பழகிடுமா?"

"நாத்தம் இருக்கறதுதான் நமக்கு நல்லது," என்றாள் செண்பகம். சிரிக்கவில்லை.

தூணுக்குப் பின்னால் ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்தது. அதுதான் லில்லி. ஆறு வயது. கழுத்தெலும்பு தெரிய மெலிந்திருந்தது. கிரேஸி கையை நீட்டினாள். குழந்தை வந்து விரலைப் பிடித்துக்கொண்டது. பிடித்ததும் கேட்டது:

"சித்தி, உனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா?"

---

ஜார்ஜ் நல்ல மனிதர். குரலை உயர்த்தமாட்டார். லண்டன் கம்பெனி ஒன்றுக்காகத் தோலைத் தரம் பிரிப்பது அவர் வேலை. கண்ணை மூடிக்கொண்டு ஆட்டுத் தோலைத் தடவினால் போதும், முதல் தரமா மூன்றாம் தரமா என்று சொல்லிவிடுவார். சாப்பாடு முடிந்ததும் அவளைப் புத்தக அறைக்கு அழைத்துப்போனார். ஆற்றுப் பக்கம் ஜன்னல், ஒரு பிரம்புச் சாய்வு நாற்காலி, சுவர் நெடுகக் கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரிகள். உள்ளே பச்சை, அரக்கு, கறுப்புத் தோலில் பைண்டு செய்த புத்தகங்கள், முதுகில் தங்க எழுத்தோடு வரிசையாக நின்றன.

கிரேஸிக்கு மூச்சே நின்றுவிட்டது.

அவர் பச்சை அட்டை போட்ட ஒன்றை இரண்டு கையாலும் எடுத்தார், பிறந்த குழந்தையை எடுப்பதுபோல. "இருநூறு பிரதிதான் போட்டாங்க. போட்டதும் அச்ச கலைச்சிட்டாங்க. பாரு, கடைசியில கையால நம்பர் எழுதியிருக்கு. இந்தத் தோல தொட்டுப் பாரு. நம்ம ஊருத் தோலாவே இருக்கும். இங்கேர்ந்து கப்பலேறிப் போனது, இப்படித் திரும்பி வந்துருக்கு."

கையால் செய்த தடித்த தாள். ஓரமெல்லாம் பஞ்சுப் பிசிறு. முதல் படம் மரத்தில் செதுக்கி அச்சடித்தது: கறுத்த கடல், ஒரு கப்பல், மேல்தளத்தில் கையைத் தூக்கிக் கரையை அழைக்கும் ஒரு பெண். கிரேஸி அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அதற்கடுத்ததைப் புரட்டப் போனாள். வரவில்லை. தாள்கள் தலைப்பக்கத்தில் ஒட்டினாற்போல இருந்தன.

ஒட்டவில்லை, மடிப்பு. ஒரே பெரிய தாளில் பல பக்கங்களை அச்சடித்து, மடித்து, அப்படியே தைத்துவிடுகிறார்கள். வாங்கியவர் மேல்மடிப்பைக் கீறினால்தான் உள்பக்கம் திறக்கும். கீறாதவரை சில பக்கங்கள் வெளியே தெரியும், மற்றவை பைக்குள் இருப்பதுபோல மூடிக் கிடக்கும்.

"இது இன்னும் வெட்டலயே? நீங்க படிக்கலையா?"

"வெட்றதா!" ஜார்ஜ் புத்தகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "கிரேஸி, தோல் உரிக்கிறவன் கத்தி ஒரு நூல் சறுக்கினா முதல் தரம் மூணாம் தரமாயிடும். மேல எவ்ளோ அழகா இருந்தாலும் நான் தள்ளிடுவேன். கத்தி பட்டது பட்டதுதான். இதும் அப்படித்தான். வெட்டாம இருக்கற வரைக்கும்தான் இது முதல் தரம்."

"இதுல எதையுமே..."

"எதையும் வெட்டல."

அவள் அலமாரிகளை மறுபடி பார்த்தாள். அத்தனையும் வாய் மூடிய புத்தகங்கள். வேலூரில் அவள் கட்டிய கோட்டை சத்தமில்லாமல் சரிந்தது.

---

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். கூடத்தில் விளக்கேற்றிக்கொண்டிருந்த கிரேஸிக்கு ஏதோ ஒன்று குறைகிறாற்போல் இருந்தது. திரி எரிகிறது. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. தோல் ஷாப்பில் ஆட்கள் கத்துவது கேட்கிறது. என்னதான் குறைகிறது?

நாற்றம்.

ஊரையே போர்த்திக் கிடந்த அந்த நாற்றம் துளிக்கூட இல்லை. ஆம்பூருக்கு வந்தபின் முதல்முறையாக அவள் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். மண்வாசனை இல்லை. விளக்கெண்ணெய் வாசனையும் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல, காற்று வெறுமையாக இருந்தது.

புத்தக அறையிலிருந்து லில்லியின் குரல் வந்தது.

"அப்புறம்?"

கிரேஸி வாசலில் போய் நின்றாள். குழந்தை தரையில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முகம் சாய்வு நாற்காலியை நோக்கி நிமிர்ந்திருந்தது. நாற்காலி காலி. லில்லி பேசாமல் இருந்தது, யாரோ சொல்வதைக் கேட்கிற அமைதியில். இடையில் கண்ணை விரித்தது. ஒரு தடவை பயந்து வாயைப் பொத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் போனதும்:

"அப்புறம்?"

குழந்தை நாற்காலிப் பக்கம் நகர்ந்தது.

"அப்புறம் இன்னா ஆச்சும்மா? ஏன் நிறுத்திட்ட?"

நாற்காலியின் பிரம்பு முறுகியது. எழுந்திருக்கும்போது முறுகுமே, அந்தச் சத்தம். கூடவே ஒரு சின்ன வறட்டு இருமல்.

சுண்ணாம்பும் மயிரும் அழுகிய தசையும் சேர்ந்த நாற்றம் அலைபோலத் திரும்பி வந்து கிரேஸியின் முகத்தில் அடித்தது.

மறுநாள் கிணற்றடியில் செண்பகத்திடம் கேட்டாள். செண்பகம் துவைப்பதை நிறுத்தவில்லை.

"லில்லியப் பெத்த பெரியம்மா சலோமிக்கு நெஞ்சு நோவு. அந்த ரூம்லதான் ஆத்துக் காத்து வருதுன்னு படுக்க வெச்சாரு ஐயா. மிசன் பள்ளிக்கூடத்துல படிச்சது அது, இங்கிலீசு தண்ணி மாதிரி. அந்தப் பச்ச அட்ட புஸ்தகத்த எடுத்து, மடிப்புக்குள்ள ஒத்தக் கண்ண வெச்சி எட்டி எட்டிப் பாத்து, கொயந்தைக்குக் கத சொல்லும். பாதிக்கு மேல எட்டல. 'ஏங்க, இத மட்டும் வெட்டிக் குடுங்க, முடிவு தெரிஞ்சிக்கினு போய்ட்றேன்'னு கேட்டுச்சு. 'உனுக்கு ஒடம்பு சரியாவட்டும், வெட்டித் தர்றேன்'னு அவுரு சொல்லிக்கினே இருந்தாரு." துணியை முறுக்கிப் பிழிந்தாள். "சரியாவல. கொயந்த 'அப்புறம்?'னு கேட்டுக்கினே ஒக்காந்துருக்கு. நான் கஞ்சி எடுத்துனு போனா, கண்ணு மடிப்பு மேலயே நிக்குது, உசுரு இல்ல."

"செண்பகம்..."

"நாத்தம் நின்னா அந்தப் பக்கம் போவாதம்மா. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

அன்று ஜார்ஜ் வேலைக்குப் போனதும் கிரேஸி லில்லியை மடியில் உட்கார வைத்துக் கதையைச் சொல்லச் சொன்னாள். குழந்தை மடமடவென்று சொன்னது. கடலுக்கு அப்பால் போய்விட்ட ஒரு ராணி. துறையில் நிற்கிற கப்பல். கரையில் விடப்பட்ட மகள் அம்மாவிடம் போகவேண்டும். நடுவே பல வாசல்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவல்காரன், அவளிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டுதான் விடுவான். முதல் காவல்காரன் கொலுசைக் கேட்டான்.

"ரெண்டாவது ஆளு கைய நீட்டினான். அவனுக்கு முகமே இல்ல. 'எனக்கு ஒண்ணு குடு'ன்னான். அது..." லில்லி நின்றது. "அதுக்கு மேல அம்மாவுக்கும் தெரில."

கிரேஸி அலமாரியைத் திறந்து பச்சைப் புத்தகத்தை எடுத்தாள். குழந்தைக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் முகமில்லாத காவல்காரன் படத்திலேயே இருந்தான், கையை நீட்டிக்கொண்டு. கீழே அந்த வாக்கியம். 'எனக்கு ஒன்று கொடு.' பக்கம் அதோடு முடிந்தது.

அதற்கு மேல் எல்லாம் மடிப்புக்குள் இருந்தது.

---

மழை விடவில்லை. லில்லி சோற்றைத் தொடவில்லை. சாயங்காலமானால் உடம்பு கொதித்தது. வாய் ஓயாமல் ஒரே வார்த்தையைச் சொன்னது. வேலூருக்கு எடுத்துப் போனார்கள். டாக்டரம்மா நெஞ்சைத் தட்டிப் பார்த்தாள், நாக்கை நீட்டச் சொன்னாள், நோய் ஒன்றும் இல்லை, தாயை நினைத்து ஏங்குகிறது என்றாள். திரும்பி வரும்போது ரயிலில் கிரேஸியின் தோளில் கிடந்த குழந்தை காதோடு சொன்னது: "சித்தி, நீ படிச்சிச் சொல்லேன். அம்மாவும் கேக்கும்."

அன்று கிரேஸி புருஷன் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு புஸ்தகங்க. ஒண்ணே ஒண்ணு."

"கிரேஸி, எழுந்திரு."

"பிள்ளை போய்டும்ங்க!"

"பைத்தியக்காரத்தனமா பேசாத. காகிதத்த வெட்டினா காய்ச்ச எறங்குமா?"

"எறங்குமோ இல்லையோ, வெட்டிப் பாத்தா இன்னா போவுது? உங்களுக்குப் பிள்ளையவிட இது ஒசத்தியா?"

 ஜார்ஜின் கை, பழக்கத்தில், மேஜை விரிப்பின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தது.

"அவ கேட்டப்ப குடுக்கல," என்றார் கடைசியில். "இன்னிக்கு வெட்டினா, அன்னிக்கே வெட்டியிருக்கலாம்னு ஆயிடுமே. நான் எப்படித் தாங்குவேன்?"

எழுந்து போய், அதுவரை திறந்தே கிடந்த அலமாரியைப் பூட்டினார். மறுநாள் தோல் மூட்டைகளைக் கப்பலேற்ற மெட்ராஸுக்குக் கிளம்பினார். போகும்போது அலமாரிச் சாவியை வேண்டுமென்றே ஆணியில் மாட்டினாரா, எடுத்துப்போக மறந்தாரா என்று கிரேஸிக்குக் கடைசிவரை தெரியவில்லை. சாவி அங்கே தொங்கியது.

மத்தியானம் வானம் இருண்டு கொட்டியது. பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த பித்தளை அடிக்கோலை எடுத்து, மடிப்புக்குள் நுழைத்து, மெதுவாக இழுத்தாள். கனத்த தாள் உறுமிக்கொண்டே பிளந்தது. பெருமூச்சுபோல ஒரு சத்தம். அது தாளிலிருந்து வந்ததா, பின்னாலிருந்து வந்ததா?

நாற்றம் நின்றது.

கிரேஸி திரும்பிப் பார்க்கவில்லை. லில்லியை மடியில் இழுத்துக்கொண்டு படித்துத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். இரண்டாவது காவல்காரன் மகளின் பசியைக் கேட்டான். கொடுத்துவிட்டாள். வாசல் திறந்தது. லில்லி கைதட்டியது. சாய்வு நாற்காலியின் பிரம்பு மெல்ல முறுகி அடங்கியது, யாரோ வசதியாகச் சாய்ந்துகொண்டதுபோல.

அன்றைக்கே காய்ச்சல் விட்டது. குழந்தை சிரித்தது, ஓடியது, தலைவாரிக்கொள்ள நின்றது. கிரேஸி ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். தினம் ஒரு மடிப்பு. நாலைந்து மடிப்புக்கு ஒரு வாசல். பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் அவள் பிடரிக்குப் பின்னால் ஒரு மூச்சு ஆவலோடு உள்ளே இழுபடும். முதலில் பயமாக இருந்தது. பிறகு, வெட்கத்தைவிட்டுச் சொன்னால், பிடித்திருந்தது. அந்த வீட்டில் அவளைப்போலவே கதைக்காகப் பசித்த ஒருத்தி இருந்தாள்.

செண்பகம்தான் ஒருநாள் தட்டைக் காட்டினாள். "ஓடுது, ஆடுது, சரிதான். துன்னுதா, பாத்தியா? வாங்கி வாங்கி நாய்க்குப் போட்டுக்கினு இருக்குது."

"லில்லி, ஏன் சாப்பிடல?"

"பசிக்கல சித்தி. அதான் குடுத்தாச்சே."

கிரேஸி அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

மூன்றாவது காவல்காரன் மகளின் சூட்டைக் கேட்டான். மறுநாள் குளிப்பாட்டும்போது குழந்தையின் கை கால் கிணற்றுத் தண்ணீரைவிடச் சில்லென்று இருந்தது. மழைக்காலம்தானே. அடுத்த காவல்காரன் அவளுடைய கனத்தைக் கேட்டான். மறுநாள் ஊஞ்சலிலிருந்து லில்லியைத் தூக்கிய கிரேஸி பின்னுக்குச் சரியப் பார்த்தாள். கையில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. இலவம்பஞ்சுத் தலையணையைத் தூக்குவதுபோல.



ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். முடிவுக்கு ஒரே ஒரு மடிப்புதான் பாக்கி. அதற்கு எதிர்ப்பக்கத்தில் படம். மகள் கடைசி வாசலில் நிற்கிறாள். வாசலுக்கு வெளியே கப்பல். முதல் படத்தில் கையைத் தூக்கிய பெண் இதில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள்.

லில்லியைத் தேடினாள். குழந்தை படுக்கையறையில் தன் தகரப்பெட்டியைத் திறந்து கவுன்களை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தது.

"இன்னா கண்ணு பண்ற?"

"ஊருக்குப் போறேன் சித்தி."

"எந்த ஊருக்கு?"

"அம்மாகூட. கத முடிஞ்சதும் போலாம்னு சொல்லிச்சு." லில்லி ஒரு ரிப்பனைச் சுருட்டி வைத்தது. "முடிவு தெரியாம போவக் கூடாதாம். அதான் காத்துக்கினு இருந்துச்சாம். நீ வெட்டிக் குடுத்தியே, உன்ன ரொம்ப நல்லவன்னு சொல்லிச்சு."

ஜார்ஜ் வெட்டாமல் வைத்த மடிப்புகள்தான் இத்தனை நாள் குழந்தையை இந்தக் கரையில் பிடித்து வைத்திருந்தன.

ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டவள் கிரேஸி.

---

பொழுது சாய்ந்தது. லில்லியைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கே ஓடிவிடலாமா என்று நினைத்தாள். பாலாற்றில் வெள்ளம், ரயில் இல்லை என்று தெருவில் பேசிக்கொண்டு போனார்கள். புத்தகத்தைக் கிணற்றில் போடலாமா? அடுப்பில் வைக்கலாமா? போட்டால், முடிவு தெரியாத அந்தப் பசி எங்கே போகும்? குழந்தையிடம்தானே வரும்?

காற்று வெறுமையானது.

லில்லி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு புத்தக அறைக்குப் போனது. அந்தப் பிடியில் சூடும் இல்லை, பலமும் இல்லை. ஆனால் கிரேஸியின் கால்கள் போயின. மடியில் புத்தகம். கையில் அடிக்கோல். எடுத்தது நினைவில்லை.

"அப்புறம் சித்தி?"

விளக்குச் சுடர் அசையாமல் நின்றது.

"அப்புறம்?"

பித்தளை முனை மடிப்புக்குள் நுழைந்திருந்தது.

"அப்புறம்?"

இந்த முறை லில்லி வாயைத் திறக்கவில்லை.

குரல் கிரேஸியின் காதுக்கு அருகில் இருந்தது. படித்த குரல். களைத்த குரல். கெஞ்சுகிற குரல். தாள் பஞ்சுபோல இழை பிரியத் தொடங்கியது.

கிரேஸி புத்தகத்தைப் படாரென்று மூடினாள்.

"அப்புறம்..."  குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "அப்புறம் அந்தப் பொண்ணு... திரும்பிப் பாத்துச்சு."



"கடைசி வாசல்ல நின்னு திரும்பிப் பாத்துச்சு. 'என் கனத்த அந்தாளுகிட்ட விட்டுட்டு வந்துட்டேனே, கப்பல்ல ஏறினா காத்து தூக்கிப் போட்டுருமே'ன்னு நெனச்சுச்சு. அதனால, இரும்மா, வந்துடறேன்னு கைய ஆட்டிட்டு, வந்த வழியே நடந்துச்சு. அந்தக் காவக்காரன் லேசுல குடுப்பானா? கனத்த ஒரு பொட்டியில போட்டு, பொட்டிய மலைக்கு அந்தாண்ட..."

எங்கேயும் அச்சாகாத கதை. படித்த நாவல்களின் பனி, மலை, பிரபுக்கள், குதிரைகள் எல்லாவற்றையும் அள்ளி அள்ளிப் போட்டாள். நிறுத்தினால் போயிற்று. நாக்கு உலர்ந்தது. பின்கழுத்தில் அந்த மூச்சு சில்லென்று தொட்டுக்கொண்டே இருந்தது. நம்புகிறதா, கோபப்படுகிறதா என்று தெரியவில்லை. பெட்டி கிடைக்கிற இடம் வந்ததும், கைகூப்பாத குறையாகச் சொன்னாள்:

"மீதி நாளைக்கு."

பிரம்பு முறுகவில்லை.

நெடுநேரம் முறுகவே இல்லை.

பிறகு ஒரு சின்ன வறட்டு இருமல். ஜன்னல் வழியே முதலில் சுண்ணாம்பு வந்தது, பிறகு பட்டைச் சாறு, பிறகு மயிரும் அழுகலும். கிரேஸி அந்த நாற்றத்தை வாய்விட்டு விழுங்கினாள், தாகத்தில் தண்ணீர் குடிப்பவள்போல. மடியில் தூங்கிப்போன லில்லியின் எடையில் அவள் தொடை மரத்துப்போயிருந்தது. அழுதுகொண்டே அந்தக் கனத்தைச் சுமந்து கட்டிலுக்கு எடுத்துப்போனாள்.

---

சாயங்காலம் தோறும் மகள் வாசல் வாசலாகத் திரும்பி நடந்தாள். சூடு திரும்பியது. பசி திரும்பிய அன்று லில்லி செண்பகத்திடம் மூன்று தோசை கேட்டு வாங்கித் தின்றது. "இந்த மாரி துன்னா உங்கொப்பன் புஸ்தகத்தயெல்லாம் விக்கணும்டி," என்று செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மெட்ராஸிலிருந்து வந்த ஜார்ஜ் புத்தகத்தைக் கையில் எடுத்ததுமே கண்டுகொண்டார். அவர் விரல்கள் வெட்டிய விளிம்புகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போயின. கிரேஸி திட்டுக்காகக் காத்திருந்தாள். அவர் முகம் கோணியது. சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இவ்ளோதானா? இதத்தானா நான் அவளுக்குச் செய்யல?" கடைசி மடிப்பில் விரல் நின்றது. "இது ஏன் பாக்கி?" சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். "இதையும் வெட்டிடலாம் கிரேஸி. பாவம், எவ்ளோ கேட்டா..."

"வேணாம்!"

வாழ்நாளில் அப்படி ஒரு கத்தலை அவள் கத்தியதில்லை. அவர் கையைக் கடித்துப் புத்தகத்தைப் பறித்தாள். ஏன் என்று அவள் சொன்னதை அவர் நம்பினாரோ என்னவோ, லில்லியைப் பார்த்தார், கத்தியை மடக்கினார். பச்சைப் புத்தகத்தைத் தோல் வாரால் சுற்றிக் கட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கிரேஸி தாலிக்கொடியில் முடிந்துகொண்டாள்.

லில்லி வளர்ந்தாள். பாவாடை கட்டினாள். மரமேறினாள். கதை மட்டும் நிற்கவில்லை. சாயங்காலம் நாற்றம் அடங்கும், கிரேஸி சொல்வாள், நாற்றம் திரும்பும். தலைவலி, ஜுரம், கிறிஸ்துமஸ் எதற்கும் விடுப்பு இல்லை. வேலூரில் அவள் அம்மா செத்த அன்றும் சாவு வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்து லில்லிக்குக் கதை சொன்னாள். சொல்லச் சொல்ல நாவல்கள் தீர்ந்தன, சொந்த மூளையும் தீர்ந்துகொண்டு வந்தது. பெண் எத்தனை பெட்டி, எத்தனை மலை தாண்டினாலும் ஒன்றை மட்டும் கிரேஸியால் மாற்ற முடியவில்லை. கப்பல் துறையிலேயே நின்றது.

ஒரு தை மாதம், மழை ஈரம் காயப் புத்தகங்களை வெயிலில் வைக்க வேண்டியிருந்தது. உச்சிப் பொழுது. முற்றத்தில் வெயில் கண்ணைக் கூசியது. கொய்யா மரத்தின்மேல் லில்லி பாடிக்கொண்டிருந்தாள். கிரேஸி சாவியைப் போட்டு அலமாரியைத் திறந்தாள். தோல் வார் கட்டியது கட்டியபடி இருந்தது. முடிச்சில் அவள் வைத்த மெழுகுகூட உடையவில்லை. அவிழ்த்துக் கடைசி மடிப்பைப் பார்த்தாள்.

கத்தி பட்ட அடையாளம் இல்லை. ஆனால் மேல்விளிம்பு முக்கால்வாசி தேய்ந்து பிரிந்திருந்தது. நகத்தை எச்சில் தொட்டு, வருஷக்கணக்காகப் பொறுமையாகச் சுரண்டினால் எப்படி இருக்குமோ அப்படி. பிசிறு இன்னும் ஈரமாக இருந்தது.

விரல் அகலம்தான் பாக்கி.

இன்றைக்குச் சாயங்காலம் என்ன சொல்வது? எதைச் சொன்னால் அந்த விரல் நிற்கும்? கிரேஸி யோசித்துக்கொண்டே நின்றாள். சாயங்காலத்துக்கு இன்னும் எத்தனையோ நேரம் இருக்கிறது என்று தனக்கே தைரியம் சொல்லிக்கொண்டாள்.

முற்றத்தில் பாட்டு நின்றது.

"அப்புறம்?" என்று லில்லி யாரையோ கேட்டாள்.

கிரேஸி மூச்சை இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்தாள். பின்சுவருக்கு அப்பால் தோல் அலசும் ஆட்களின் சத்தம் கேட்டது, சுண்ணாம்புக் குழியில் கோல் போட்டுக் கிளறும் சத்தம் கேட்டது.

ஆம்பூரில் எந்த வாசனையும் இல்லை.